அறுபதிலிருந்து ஒன்றுக்கு: எந்தக் கடையில் எண்ணினார்கள்?

சற்று நீண்ட பதிவு. பண்பாட்டு ஆய்விலும் இசை ஆய்விலும் இருக்கும் நண்பர்களையும், ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கும் மாணவர்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன். பொறுமையுள்ளோர் தொடரலாம்.

புலம்பெயர் பண்பாடு குறித்த கருத்தரங்குகளில் ஒரு செய்தி ஏறத்தாழ மந்திரம்போல் திரும்பத் திரும்ப ஓதப்படுகிறது. 1998ஆம் ஆண்டில் தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் தலைமையேற்ற பிரிட்டிஷ் இசைக்குழு, இந்தியப் பின்னணிப் பாடகி ஒருவரைப் போற்றிப் பாடி, பிரிட்டனின் தரவரிசையில் முதலிடம் பிடித்தது என்பதே அச்செய்தி. குழுவின் பெயர் கார்னர்ஷாப். பாடல் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’. செய்தியில் பிழையில்லை. அதையடுத்து வரும் ‘ஆகவே’தான் என்னை உறுத்துகிறது. ஆகவே பிரிட்டன் தெற்காசியரை ஏற்றுக்கொண்டது. ஆகவே விளிம்பு மையத்துக்கு வந்தது. ஆகவே ஆஷா போஸ்லே உலகக் காதுகளை எட்டினார். ஓர் எண்ணிலிருந்து இத்தனை ‘ஆகவே’க்களைக் கறக்க முடியுமா என்று கேட்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்த ஜிந்தர் சிங், பென் ஏயர்ஸ் முதலானோர் 1991இல் லெஸ்டர் நகரில் தொடங்கிய குழு கார்னர்ஷாப். பிரிட்டனில் குடியேறிய ஆசியர் என்றாலே தெருமுனை மளிகைக்கடைக்காரர்தான் என்ற ஏளனத்தையே பெயராகச் சூடிக்கொண்டார்கள். 1997 ஆகஸ்டில் இப்பாடல் சிங்கிள் இசைத்தட்டாக வெளிவந்தபோது எட்டிய உயரம் 60ஆம் இடம். நிதானமான கிதார் மீட்டலில், வேகம் காட்டாமல் நடந்துபோகும் பாடல் அது. அவ்வாண்டின் இறுதியில், பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் தம் நேயர்களிடம் நடத்திவந்த வாக்கெடுப்பில் இதே பாடல் முதலாவதாக வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பாடல், ஒரே ஆண்டு. ஒரு கணக்கில் அறுபது, மற்றொன்றில் ஒன்று.

பின்னர், ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரால் நாம் அறிந்த நார்மன் குக் பாடலைக் கையிலெடுத்தார். வேகத்தைக் கூட்டினார், சுருதியை உயர்த்தினார், ஆட்டக்கூடத்துக்கான கனத்த தாளத்தை அடியில் இட்டார். 1998 பிப்ரவரியில் அந்த ரீமிக்ஸ் வெளிவந்து, ‘டைட்டானிக்’ படத்தின் செலின் டியோன் பாடலைப் பின்தள்ளி முதலிடம் ஏறியது. அங்கே அது இருந்தது ஒரே வாரம். அடுத்த வாரம் மடோனா வந்துவிட்டார். அதே தொகுப்பிலிருந்து அதே ஆண்டில் குழு வெளியிட்ட மற்றொரு சிங்கிளால் 23ஆம் இடத்துக்கு மேல் ஏற இயலவில்லை.

இதைப் பற்றி இரண்டு வகை விளக்கங்கள் கல்விப்புலத்தில் உலவுகின்றன. ஒன்று வெற்றிக் கதை. அதை மேலே சொன்னேன். மற்றொன்று இழப்புக் கதை: வெள்ளையர் ஒருவர் கைவைத்த பிறகுதானே விற்றது, புலம்பெயர்ந்தவரின் நினைவை ஆட்டக்கூடத்தின் கேளிக்கையாக நீர்க்கச் செய்தாரே என்பது. இரண்டாவது விளக்கம் கூர்மையானதாகத் தோன்றும். ஆயினும் அதுவும் முதல் விளக்கத்தின் உடன்பிறப்பே. தரவரிசை என்பது ஒரு சமூகத்தின் மனத்தை அளக்கும் கருவி என்று இரண்டுமே கேள்வியின்றி நம்புகின்றன. ஒன்று அளவுமானியைப் பார்த்து மகிழ்கிறது, மற்றொன்று அழுகிறது. கருவியைத் திறந்து பார்க்க எவருக்கும் நேரமில்லை.

திறந்து பார்ப்போம். பிரிட்டனின் முதல் சிங்கிள் தரவரிசை 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில் வெளிவந்தது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் ஏறத்தாழ இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, என்ன விற்கிறது என்று கேட்டுத் தொகுத்த பட்டியல் அது. நோக்கமும் ஒளிவுமறைவற்றது: இதழுக்கு விளம்பரம் வேண்டும். 1969 முதல் ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் தேர்ந்தெடுத்த கடைகளின் விற்பனைக் குறிப்பேடுகளை அஞ்சலில் பெற்றுக் கணக்கிட்டது. 1983 முதல் காலப் நிறுவனம் கடைகளில் மின்னணுக் கருவிகளை வைத்தது. 1994இல் பொறுப்பு மில்வர்ட் பிரவுனிடம் போயிற்று. கருவி மாறிக்கொண்டே வந்தது. மாறாத ஒன்று உண்டு. எந்தக் கடையில் எண்ணுவது என்பதை எவரோ முன்கூட்டியே முடிவுசெய்திருந்தார்கள்.

இங்கேதான் கார்னர்ஷாப் என்ற பெயர் அவர்களே எண்ணியிராத அளவுக்குக் கனம் பெறுகிறது. 1980களில் சவுத்தாலிலும் பர்மிங்காமிலும் அலாப், ஹீரா முதலான பங்க்ரா குழுக்களின் ஒலிநாடாக்கள் பெருமளவில் விற்றன. விற்ற இடங்கள் எவை? மளிகைக்கடை, துணிக்கடை, இனிப்புக்கடை. தரவரிசைக்குக் கணக்குக் கொடுக்கும் கடைகளின் பட்டியலில் இவை இல்லை. எனவே எத்தனை விற்றாலும் தரவரிசையின் பார்வையில் விற்பனை சுழியம். பகலில் பட்டறையிலும் பள்ளியிலும் இருந்த இளைஞர்கள் மாலையில் திருமண மண்டபங்களிலும், வீட்டாருக்குத் தெரியாமல் நடுப்பகல் நடனக்கூடங்களிலும் கூடி ஆடிய ஓர் இசை, தேசத்தின் பேரேட்டில் ஒரு வரியாகவும் பதியவில்லை. பத்தாண்டுக்குப் பின் ‘தெருமுனைக் கடை’ என்று பெயர் வைத்துக்கொண்ட குழுவின் பாடல் பெரிய கடைகளில் விற்றது, அது எண்ணப்பட்டது. இதைப் பார்த்து ‘தெற்காசிய இசை இறுதியில் வந்து சேர்ந்தது’ என்று எழுதுவோமானால், எண்ணாதவனின் குருட்டுத்தன்மையை எண்ணப்படாதவனின் இன்மையாக எழுதிவிடுகிறோம்.

(‘முதன்முதலில்’ என்ற அடைமொழியைப் பற்றியும் ஒரு சொல். 1997 ஜனவரியில் ‘ஒயிட் டவுன்’ என்ற பெயரில் பாடி முதலிடம் பிடித்த ஜோதி மிஸ்ரா ரூர்க்கேலாவில் பிறந்தவர். 1975இல் குயீன் குழுவோடு முதலிடத்தில் நின்ற ஃப்ரெடி மெர்க்குரி பார்சிக் குடும்பத்துப் பிள்ளை; நான் இருக்கும் புனேயிலிருந்து அரைநாள் பயணத்தில் அடையக்கூடிய பஞ்சகனியில் படித்து, அங்கேதான் பள்ளி நண்பர்களோடு முதல் குழுவைத் தொடங்கினார். ‘முதன்முதலில்’ என்று எழுதுமுன் எவரை எண்ணுகிறோம், எவரை விடுகிறோம் என்று பார்ப்பது நல்லது.)

நம் பக்கமும் கருவிகள் இருந்தன. லண்டனில் முதல் தரவரிசை அச்சேறிய மூன்று வாரங்களுக்குள், 1952 டிசம்பர் 3 அன்று, இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்து, திரைப்பாடல் தரக்குறைவானது என்று அகில இந்திய வானொலியில் அதற்கு இடத்தைச் சுருக்கிய காலம் அது. திரைப்பாடலைத் தேடிய காதுகள் கொழும்புக்குத் திரும்பின. தமிழ் நேயர்களுக்கு அந்தக் கொழும்பு அலைவரிசையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது இது: தொடக்கத்தில் அமீன் சயானி பாடல்களை வரிசைப்படுத்தவில்லை. ஏழு பாடல்கள், எந்த முறையுமின்றி. தரவரிசை பிறகுதான் வந்தது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை விவரமும் ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் கடிதங்களும் அதற்கு அடிப்படையாயின. கடையை மட்டும் நம்பாமல் அஞ்சலட்டையையும் நம்பிய அளவுகோல் அது. பற்பசை நிறுவனத்தின் விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இசைத்தட்டு வாங்கக் காசில்லாதவனுக்கு அதில் ஒரு வாக்கு இருந்தது.

கார்னர்ஷாப்பின் பாடலுக்குள் அகில இந்திய வானொலியின் பெயர் வருகிறது. லதாவும் ரஃபியும் வருகிறார்கள். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு இசைத்தட்டு பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிறது. அரசாங்கத்தின் எச்சரிக்கைகளையும் அது கட்டும் அணைகளையும் பொருட்படுத்தாத திரையரங்கப் பார்வையாளரும் வருகிறார். நர்மதைப் பள்ளத்தாக்கில் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுந்த பாடல் என்பதை நினைவில் கொண்டால், அணை என்ற சொல் தற்செயலாக விழுந்ததாகத் தோன்றவில்லை. தலைப்பிலும் ஒரு சிலேடை உண்டு. ஆஷா என்பது பாடகியின் பெயர். வடமொழியில் நம்பிக்கை என்றும் பொருள். அதே சொல் தமிழுக்கு வந்தபோது ‘ஆசை’ ஆயிற்று. ததும்பி வழிவது நம்பிக்கையா, ஆசையா என்று தமிழ்க் காது மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கலாம்.

இப்பாடலின் மையப்பொருள் பின்னணிக் குரல். திரையில் ஒருத்தி வாயசைக்கிறாள், திரைக்குப் பின்னால் இன்னொருத்தி பாடுகிறாள். உடல் ஒன்று, குரல் வேறொன்று. நார்மன் குக் செய்ததும் ஏறத்தாழ இதுவே என்பது என் வாசிப்பு. ஜிந்தர் சிங்கின் குரலை அதன் வேகத்திலிருந்தும் சுருதியிலிருந்தும் பிரித்து வேறோர் உடலுக்குப் பொருத்தினார். அந்த உடல் ஆட்டக்கூடத்தில் இருந்தது. பின்னணிப் பாடகிக்கான புகழ்ப்பாடல், தானே பின்னணியாகி வென்றது. இழப்புக் கதை சொல்வோர் இதைக் களவென்பார்கள். எனக்கு அது அத்தனை எளிதாகப் படவில்லை. மூலப்பாடல் அழிந்துவிடவில்லை, இன்றும் கேட்கலாம். அறுபதாம் இடத்துப் பாடலையே நான் அதிகம் விரும்புகிறேன் என்பது என் சுவை. அதை ஆய்வு முடிவாக முன்வைக்க மாட்டேன்.

களவு பற்றிப் பேச வேண்டுமானால் வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. 2002இல் அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸின் ‘அடிக்டிவ்’ பாடலில், ‘ஜோதி’ என்ற 1981ஆம் ஆண்டு இந்திப் படத்துக்காக பப்பி லஹரி இசையமைத்து லதா பாடிய பாட்டின் பகுதி, எவர் பெயரும் இன்றி எடுத்தாளப்பட்டது. அமெரிக்காவின் தரவரிசையில் அது 9ஆம் இடம் வரை சென்றது. வழக்கு தொடுத்த பிறகே பெயர் வந்தது. கார்னர்ஷாப் நேர் எதிர். ஆஷாவின் குரலில் ஒரு நொடியும் எடுக்காமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பெயரில்லாமல் குரலை எடுத்தார், இவர்கள் குரலில்லாமல் பெயரை எடுத்தார்கள். தரவரிசை இவ்விரண்டையும் ஒரே வகை எண்ணாகவே பதிகிறது. எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வேட்டில் இந்த வேறுபாடு எங்கே தங்கும்?

இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளையும் பார்க்கலாம். 1992இல் கார்னர்ஷாப் குழுவினர் பாடகர் மாரிஸ்ஸியின் இனவாதச் சாயல்களைக் கண்டித்து, லண்டனில் இ.எம்.ஐ. அலுவலகத்தின் முன் அவர் படத்தை எரித்தார்கள். மாரிஸ்ஸியின் தனி இசைத்தொகுப்புகளை இ.எம்.ஐ. வெளியிட்டது எச்.எம்.வி. முத்திரையில். கிராமபோன் குழாய்முன் நாய் அமர்ந்திருக்கும் அதே முத்திரை. பாடலில் வரும் ஆஷாவின், லதாவின், ரஃபியின் 45 சுழற்சித் தட்டுகளும் பெரும்பாலும் அதே நாயைத் தாங்கி, டம்டம் ஆலையில் அழுத்தப்பட்டுப் பம்பாய்க்கும் சென்னைக்கும் போனவை. ஒரே நிறுவனத்தின் வாசலில் எரிப்பும் அதே முத்திரையின் வட்டுக்குள் ஏக்கமும். இத்தகைய முடிச்சுகளை அவிழ்க்கத்தான் நமக்கு ஆய்வு என்ற தொழில் இருக்கிறது.

ஆஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தந்தை தீனாநாத் மங்கேஷ்கர் 1942இல் இதே புனேயில் மறைந்தபோது ஆஷாவுக்கு ஒன்பது வயது நிறையவில்லை. அடுத்த ஆண்டே மராத்திப் படமொன்றில் பாடத் தொடங்கினார். அந்தத் தொடக்கம் வறுமையின் தொடக்கம். 2011இல் கின்னஸ் நிறுவனம் இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் 11,000 வரையிலான பதிவுகள் என்று அவருடைய பாடல்களை எண்ணியது. கார்னர்ஷாப்பின் பாடல் அறுபதாம் இடத்தில் நின்ற அதே 1997இல், ‘இருவர்’ படத்தின் வழியே அவர் குரல் தமிழ்நாட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ படத்துக்காக இளையராஜாவின் இசையில் செண்பகத்தை அழைத்துப் பாடியிருந்தார். இக்குரலை பிரிட்டனின் ஒருவார முதலிடம் ‘உலகுக்கு அறிமுகப்படுத்தியது’ என்று எழுதுவோரின் உலகம் எத்தனை சிறியது!

இனி எனக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகிறேன். நான் குடியிருப்பது போபோடியில். பழைய மும்பை–புனே சாலையும் ரயில்பாதையும் முளா ஆறும் நெருக்கிப் பிடித்த பகுதி. ஒரு பக்கம் கட்கி படைமுகாம், பாலம் கடந்தால் தாபோடி. ஏப்ரல் 14 நெருங்கினால் இங்கே மாலைகள் நீலக்கொடிகளாலும் ஒலிபெருக்கி வண்டிகளாலும் நிறையும். அவ்வண்டிகளில் ஒலிப்பவை பீம் கீதங்கள். 1930களில் அம்பேத்கரின் செய்தியை ஊர்தோறும் எடுத்துச்சென்ற ஜல்சாக் குழுக்களின் வழிவந்தவை. வாமன்தாதா கர்டக் போன்ற பாவலர்களால் வளர்ந்து, பிரஹ்லாத் ஷிண்டே, ஆனந்த் ஷிண்டே முதலானோரின் குரலில் ஒலிநாடாவுக்குள் புகுந்தவை. இன்று அவற்றை டி.ஜே.க்கள் வேகம் கூட்டி, கனத்த தாளம் இட்டு, ஊர்வலத்தின் ஆட்டத்துக்கு ஏற்ப ரீமிக்ஸ் செய்கிறார்கள். நார்மன் குக் பிரைட்டனில் செய்ததும் இவர்கள் இங்கே செய்வதும் நுட்ப அளவில் ஒன்றுதான். மெல்ல நடந்த பாடலை ஆட வைக்கும்போது எந்தச் சொல் தாளத்தில் கரைகிறது, எந்தச் சொல் இன்னும் கூர்மையாக எழுகிறது என்ற கேள்வியும் இரண்டுக்கும் பொது. நான் கேட்ட அளவில், இங்கே பெயர்கள் எழுகின்றன. விரிவான கதைகூறல் மங்கினாலும் பெயர் மங்குவதில்லை.

இதை ஆய்வுப் பொருளாக எடுக்க விரும்பிய இளைய ஆய்வாளர் ஒருவரை அறிவேன். பெயர் வேண்டாத ஒரு குழுவின் முன் தம் திட்டவரைவை வைத்தார். வந்த கேள்வி: இதன் வீச்சுக்குச் சான்று என்ன? எத்தனை விற்றது? எந்தத் தரவரிசையில் வந்தது? இணையத்தில் எத்தனை பார்வை? அவரிடம் எண் இல்லை. தலைப்பை மாற்றிக்கொள்ளும்படி அறிவுரை வந்தது, மாற்றிக்கொண்டார். எண் நிறைந்த ஒரு திரைப்பாடலைப் பற்றி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கேள்விகளில் தீய நோக்கம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. பழக்கம் இருந்தது. பீம் கீத நாடாக்கள் விற்ற இடங்கள் எவை? டிசம்பர் 6இல் மும்பை சைத்யபூமியில், நாக்பூர் தீக்ஷாபூமியில், புத்தகங்களுக்கும் படங்களுக்கும் பக்கத்தில் துணி விரித்த நடைபாதைக் கடைகள். சவுத்தாலின் இனிப்புக்கடையும் தீக்ஷாபூமியின் நடைபாதையும் ஒரே காரணத்துக்காகத்தான் பேரேட்டில் இல்லை. முதலாவதற்கு இன்று ஆய்வு நூல்கள் உண்டு. அதன் விடுபடலை மேற்கோள் காட்டி வகுப்பெடுக்கிறோம். அதே வகுப்பு முடிந்து வெளியே வந்து, இரண்டாவதிடம் விற்பனைச் சான்று கேட்கிறோம்.

தமிழ்ப்புலத்திலும் நிலைமை வேறில்லை. 1980களிலும் 90களிலும் நம் சிற்றூர்களில் ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்று நாடாவையும் விருப்பப் பாடல் பட்டியலையும் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அப்பட்டியல்கள் ஒவ்வொன்றும் ஒரு தனிமனிதத் தரவரிசை. சட்டத்தின் கண்ணில் அது திருட்டு. விற்பனைக் கணக்கில் அது இல்லை. ஆனால் இளையராஜாவின் எந்தப் பாடலை மக்கள் காசு கொடுத்து மீண்டும் மீண்டும் கேட்டார்கள் என்பதற்கு அந்தக் கசங்கிய தாள்களைவிட நேரடியான சான்று எது?

எண்களைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். அறுபதுக்கும் ஒன்றுக்கும் இடையிலான தொலைவு உண்மையானது. ஓர் ஆட்டத்தாளம் ஒரு நாட்டின் கடைகளில் என்ன செய்தது என்பதை அது துல்லியமாகவே சொல்கிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்பது நம் பேராசை. 2014 முதல் பிரிட்டனின் தரவரிசை இணையவழிக் கேட்டலையும் சேர்த்து எண்ணுகிறது. தொடக்கத்தில் நூறு முறை கேட்டால் ஒரு விற்பனை என்று வைத்தார்கள். நூறு ஏன், ஐம்பது ஏன் இல்லை? எவரோ ஓர் அறையில் அமர்ந்து முடிவுசெய்தார்கள். அந்த அறைக்குள் போகாமல் எண்ணை மட்டும் அடிக்குறிப்பில் இடும் பழக்கத்தைத்தான் கேள்விக்குட்படுத்துகிறேன். தரவரிசையை மேற்கோள் காட்டும் ஒவ்வொரு ஆய்வேடும், அதை எவர் தொகுத்தார், எந்தக் கடைகளில் எண்ணினார், எவற்றை விட்டார் என்று ஒரு பத்தியாவது எழுத வேண்டுமென நெறியாளர்கள் கேட்கத் தொடங்கினால் போதும். அதேபோல், எண் இல்லாத பொருளோடு வரும் மாணவரிடம் ‘ஏன் எண் இல்லை’ என்பதையே முதல் இயலாக எழுதச் சொல்லலாம்.

அந்த இளைய ஆய்வாளரிடம் பேசிவருகிறேன். பழைய தலைப்பை முற்றிலும் கைவிடவில்லை என்கிறார். அவருக்காகவும் எனக்காகவும் ஒரு வேண்டுகோள். கட்கி, போபோடி, தாபோடிப் பகுதிகளில் 1980களிலும் 90களிலும் ஒலிநாடா விற்றவர்கள், பதிந்து கொடுத்தவர்கள், ஊர்வலங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்கள் எவரையேனும் அறிந்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். ரசீதுப் புத்தகம், மொத்த வியாபாரியின் சிட்டை, நாடா உறைகள், எவராவது எழுதிக் கொடுத்த பாட்டுப் பட்டியல், எதுவானாலும் சரி. மராத்தியோ தமிழோ தெலுங்கோ, மொழி தடையில்லை. பொருள்களைக் கொடுக்க வேண்டாம்; வந்து படமெடுத்துக்கொள்கிறோம்.